பிள்ளையின் ஆட்டமும் பெற்றோரின் கவலையும்

கால்பந்தாட்டத்தை ஏழையின் ஆட்டம் என்று சொல்வது வழக்கம். ஒரு பந்து, சிறிது சமதளம், கூடி ஆடப் பத்துப் பிள்ளைகள், இவ்வளவே போதும் என்பது அதன் கருத்து. வட்டவடையில் வாழும் நமக்கு இவற்றுள் பந்தும் பிள்ளைகளும் எளிதில் கிடைக்கும், சமதளந்தான் அரிது. கடல் மட்டத்திற்கு 1,500 மீட்டருக்கும் மேலான உயரத்தில், மலைச்சரிவைப் படிபடியாக வெட்டிப் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் பயிரிட்டு வாழ்கிறோம். தட்டையான நிலம் நாலு முழம் கிடைத்தாலும் அதில் விதை ஊன்றவே மனம் நாடும். அப்படியிருந்தும், மழையில்லாத மாலை வேளைகளில் கோவிலூரிலும் கொட்டாக்கம்பூரிலும் பழத்தோட்டத்திலும் பிள்ளைகள் பந்தை உதைப்பதை நிறுத்தியதில்லை. பந்து கீழ்த்தட்டுக்கு உருண்டால் ஓடிப்போய் எடுத்து வந்து மீண்டும் ஆடுகிறார்கள்.

இந்த ஆர்வம் நேற்று முளைத்ததன்று. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் எஸ்டேட்டுக்கு ஓர் அணியாகத் தொழிலாளர்கள் ஆடும் ஃபின்லே கேடயப் போட்டி 1940-களிலேயே தொடங்கிவிட்டது. கொழுந்து பறித்த கைகளும் கவ்வாத்து வெட்டிய கைகளும் ஓய்வு நாளில் திடலின் ஓரம் நின்று கை தட்டின. அந்நாளில் ஆட்டக்காரனுக்குக் கட்டணம் என்று ஒன்று இருந்ததில்லை. நன்றாக ஆடுகிறவனை எஸ்டேட்டு தேடி வந்து அணியில் சேர்த்துக்கொண்டது. பிள்ளையின் ஆட்டத்திற்காகப் பெற்றோர் பணப்பையைத் திறக்க வேண்டிய காலம் அதற்குப் பிறகே வந்தது.

2014-ஆம் ஆண்டில் இந்தியன் சூப்பர் லீக் போட்டி தொடங்கியது. கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும், சென்னையில் சென்னையின் எஃப்.சி. அணியும் தோன்றின. 2017 அக்டோபர் மாதத்தில் 17 வயதிற்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைப் போட்டி இந்தியாவில் நடைபெற்றபோது, கொச்சியிலும் ஆட்டங்கள் நிகழ்ந்தன. தம் வயதையொத்த பிள்ளைகள் உலக அரங்கில் ஆடுவதை நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கண்டார்கள். ஊர்தோறும் கால்பந்துப் பயிற்சிக் கழகங்கள் பெருகின. எட்டு வயதுப் பிள்ளைக்கும் சீருடை, பூட்ஸ், மாதக் கட்டணம், கோடை முகாம், வெளியூர்ப் போட்டி என்று ஓர் ஏற்பாடு உருவாயிற்று. மலைநாட்டுப் பெற்றோரும் இந்த ஓட்டத்தில் சேர்ந்தார்கள். பிள்ளையிடம் திறமை இருக்கிறது என்று பள்ளி ஆசிரியர் ஒரு சொல் சொல்லிவிட்டால், பிறகு எந்தத் தாய்க்கும் தந்தைக்கும் சும்மா இருக்க மனம் வருவதில்லை.

அந்த ஓட்டத்தில் நாம் கொடுக்கும் விலையை மலைக்குக் கீழே வாழ்கிறவர்கள் அறிய மாட்டார்கள். கோவிலூரிலிருந்து பாம்பாடும் சோலைக் காட்டையும் டாப் ஸ்டேஷனையும் கடந்து மூணாறு செல்ல ஏறத்தாழ 45 கிலோமீட்டர். மூணாற்றிலிருந்து கொச்சிக்கு இன்னும் 130 கிலோமீட்டர். கொச்சியில் காலையில் நடக்கும் ஒரு தேர்வுக்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டுமானால் முதல் நாளே புறப்பட வேண்டும். இரண்டு நாள் கூலி போகும். பயணச் செலவு, தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு சேரும். தேர்வோ பல வேளைகளில் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். காந்தளூர் வட்டவடைப் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் நம் ஊரின் பெயர் நாடெங்கும் தெரிந்தது. ஆயினும் பூண்டின் விலை ஆண்டுதோறும் ஏறி இறங்குவது நிற்கவில்லை. அந்த நிலையற்ற வருவாயிலிருந்துதான் நிலையான மாதக் கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கிறது.

இனி, பெற்றோரின் மனக்குறைகளைச் சற்று வகைப்படுத்திப் பார்ப்போம். இவற்றை எந்த ஒரு கழகத்தின்மீதும் சுமத்துவது நம் நோக்கமன்று. எங்கும் கேட்கும் குறைகளே இவை.

முதலாவது, பிள்ளை ஆடுவதில்லை என்பது. கட்டணம் எல்லோரிடமும் வாங்குகிறார்கள். போட்டி நாளில் திடலில் இறங்குகிறவர்கள் பதினொருவரே. மற்றவர்கள் பெஞ்சில் அமர்ந்து, கடைசி ஐந்து நிமிடத்திற்குக் கூப்பிடுவார்களா என்று பயிற்சியாளரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது, பிள்ளை எந்த அளவு முன்னேறியிருக்கிறான் என்பதை யாரும் சொல்வதில்லை. பள்ளியில் மதிப்பெண் அட்டை வருகிறது. இங்கே "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் வருவதில்லை. மூன்றாவது, வயதைக் குறைத்துக் காட்டும் தீமை. பன்னிரண்டு வயதினர் போட்டியில் மீசை அரும்பிய பையன் எதிரே வந்து நின்றால், உண்மையான பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்வான்? நான்காவது, ஒரு கழகத்திலிருந்து விலகி வேறொன்றில் சேர விரும்பினால், பதிவை விடுவிக்கும் கடிதத்திற்காகப் பெற்றோர் நடையாய் நடக்க நேர்வது. ஐந்தாவது, படிப்பு. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை தொலைவிலுள்ள விடுதியில் சேர்ந்தவுடன் வேறொரு மொழி வழியில் பாடம் கேட்க வேண்டியவனாகிறான். ஆட்டத்திலும் நிற்காமல், பாடத்திலும் நிற்காமல் இரண்டாண்டில் ஊர் திரும்பும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது பெற்றோருக்கு எளிய காரியமன்று.

இந்தக் குறைகள் நம் நாட்டுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். பணம் கட்டியே ஆட வேண்டும் என்ற ஏற்பாட்டைப் பற்றி அமெரிக்கப் பெற்றோரும் நெடுங்காலமாகக் குறை கூறி வருகிறார்கள். ஆகவே, இது ஒரு பயிற்சியாளரின் குணக்கேடோ, ஒரு கழகத்தின் பேராசையோ அன்று. இதன் வேர் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த வேர் யாது? சிறு பிள்ளைகளின் கழகத்தைக் கோப்பைகளின் எண்ணிக்கையால் அளப்பதே. கோப்பை வென்ற கழகத்திற்குப் புதிய பிள்ளைகள் வந்து சேர்கிறார்கள். தோற்ற கழகத்திலிருந்து விலகிப் போகிறார்கள். பயிற்சியாளரின் வேலையும் அதைப் பொறுத்தே நிலைக்கிறது. பத்து வயதினர் போட்டியில் கோப்பையை வெல்லக் குறுக்கு வழி ஒன்று உண்டு. உயரமும் பருமனும் உடைய நான்கைந்து பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, பந்தை நீளமாக உதைத்து, அதன்பின் ஓடச் சொன்னால் போதும். சிறிய பிள்ளை பந்தை அடக்கி, சிந்தித்து, தோழனுக்குத் தள்ளிக்கொடுக்கக் கற்பதற்குக் காலம் பிடிக்கும். கற்கும்போது பிழை செய்வான். பிழையால் கோல் விழும். கோல் விழுந்தால் கோப்பை போகும். எனவே கற்கிறவன் பெஞ்சில் அமர, வளர்ந்தவன் ஆடுகிறான்.

உடல் வளர்ச்சியைப் பற்றிய அறிவு இங்கே நமக்குத் தேவைப்படுகிறது. ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதில் சட்டென்று உயர்கிறார்கள். சிலருக்கு அந்த வளர்ச்சி 11, 12 வயதிலேயே வந்துவிடுகிறது. சிலருக்கு 15, 16 வயது வரையில் வருவதில்லை. பெண் பிள்ளைகளுக்கு இது ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிகழ்கிறது. ஆகவே, ஒரே வகுப்பில் படிக்கும் இரு பையன்களுள் ஒருவன் உடலால் வாலிபனாகவும் மற்றவன் குழந்தையாகவும் இருப்பது இயற்கை. அன்றியும், வயது வரம்பை ஜனவரி முதல் நாளிலிருந்து கணக்கிடும்போது, ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். ஒன்பது வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. தேர்வு செய்யப்பட்ட இளம் ஆட்டக்காரர்களில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருப்பதைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1980-களிலிருந்து எடுத்துக்காட்டி வந்திருக்கிறார்கள். திறமை என்று நினைத்துப் பொறுக்கியது பெரும்பாலும் பிறந்த மாதத்தைத்தான் என்றால், அத்தேர்வுக்காக இரண்டு நாள் பயணம் செய்த பிள்ளையின் கண்ணீருக்கு என்ன பொருள்?

வயதுப் பொய்யைக் கண்டுபிடிக்க மணிக்கட்டு எலும்பை எக்ஸ்-கதிர் எடுத்துப் பார்க்கும் சோதனை இந்தியாவிலும் நடைமுறையில் உள்ளது. அது பெரிய பொய்களைத் தடுக்கிறது. எனினும் எலும்பின் வயதும் பிறந்த நாளின் வயதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாயிருப்பதில்லை. விரைவில் வளர்ந்த நேர்மையான பிள்ளையும் அச்சோதனையில் இடர்ப்படக்கூடும். சின்னஞ்சிறு வயதில் கோப்பைக்குக் கிடைக்கும் பெருமை குறைந்தால், பொய்ச் சான்றிதழின் தேவையும் தானே குறையும். நோயின் மூலத்தைத் தொடும் வழி அதுவே.

இதைச் செய்து காட்டிய நாடுகள் உண்டு. நார்வே நாட்டில் குழந்தைகள் விளையாட்டுக்கான விதிகள் 1987-இல் வகுக்கப்பட்டன. 2007-இல் குழந்தைகளின் விளையாட்டு உரிமைகள் என்று விரிவாக எழுதப்பட்டன. அவ்விதிகளின்படி, 11 வயதை எட்டும் ஆண்டு வரையில் புள்ளிப் பட்டியலோ தரவரிசையோ வெளியிடலாகாது. 13 வயதை எட்டும் ஆண்டுக்கு முன்பு தேசியச் சாம்பியன் போட்டி கூடாது. இப்படிச் செய்தால் ஆட்டக்காரர்கள் மென்மையாகிவிடுவார்கள் என்று அஞ்சுகிறவர்கள் ஏர்லிங் ஹாலண்டின் வரலாற்றைப் பார்க்கலாம். அவர் பிரூனே என்னும் சிற்றூரின் கழகத்தில் வளர்ந்தவர். அங்கே ஏறத்தாழ 40 பிள்ளைகள், வல்லவர் ஒருபுறம் அல்லாதவர் ஒருபுறம் என்று பிரிக்கப்படாமல், ஆண்டுக்கணக்கில் ஒன்றாகவே பயின்றார்கள். அவர்களுள் பலர் பின்னாளில் தொழில்முறை ஆட்டக்காரர்களானார்கள். ஹாலண்டும் சிறு வயதில் உயரம் குறைந்தவராகவே இருந்தார், உயர்ந்தது பிற்பாடுதான். 16 வயது வரையில் அவர் சொந்த ஊரிலேயே ஆடினார். அந்நாட்டு ஆண்கள் அணி 1998-க்குப் பிறகு முதன்முறையாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது.

இங்கிலாந்தில் 2012-ஆம் ஆண்டில் மற்றொரு மாறுதல் தீர்மானிக்கப்பட்டது. 7, 8 வயதுப் பிள்ளைகளுக்கு ஐவர் ஆட்டம். 9, 10 வயதினருக்கு எழுவர் ஆட்டம். 11, 12 வயதினருக்கு ஒன்பதின்மர் ஆட்டம். அதன் பின்னரே பதினொருவர் ஆட்டம். ஜெர்மனியிலும் 2024-ஆம் ஆண்டிலிருந்து சிறு பிள்ளைகளுக்குச் சிறு திடல், சிறு அணி, புள்ளிப் பட்டியலில்லாத ஆட்டம் என்பது கட்டாயமாயிற்று. இதன் காரணம் மிக எளிது. பெரிய திடலில் 22 பேருக்கு ஒரு பந்து. ஐவர் ஆட்டத்தில் 10 பேருக்கு ஒரு பந்து. பந்து காலில் படும் வாய்ப்பு எங்கே மிகுதி என்பதைக் கணக்கு வாத்தியார் சொல்ல வேண்டியதில்லை. பந்தைத் தொடாத பிள்ளை எத்தனை மாதம் பயின்றாலும் பந்தாட்டம் கற்றவனாக மாட்டான்.

நம் மலைக்கு வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. பதினொருவர் ஆடும் திடல் 100 மீட்டர் நீளமும் 64 மீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொண்டால், அதற்கு ஒன்றரை ஏக்கருக்கும் மேலான சமதளம் வேண்டும். அப்படிப்பட்ட நிலத்தைத் தட்டுத்தட்டான நம் சரிவுகளில் தேடுவது பெரும்பாடு. ஐவர் ஆட்டத்திற்கு இங்கிலாந்தில் வகுத்த அளவு ஏறத்தாழ 37 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம். நம் கணக்கில் அது ஏறக்குறைய 25 சென்ட்! பள்ளி முற்றத்திலும், அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் அகன்ற தட்டிலும் இதற்கு இடம் காணலாம். சிறு பிள்ளைக்கு எது ஏற்ற திடலோ, அதுவே மலைக்கும் ஏற்ற திடலாக அமைந்திருக்கிறது. பன்னிரண்டு வயது வரையில் நம் பிள்ளை கற்க வேண்டியதைக் கற்க, காடு கடந்து 175 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

இதற்கு வழிகாட்டும் ஏற்பாடும் நம் நாட்டில் உண்டு. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2018-ஆம் ஆண்டில் கோல்டன் பேபி லீக் என்ற பெயரில் சிறு பிள்ளைகளுக்கான ஆட்டத் திட்டத்தைக் கொண்டுவந்தது. சிறு அணிகளாகப் பிரிந்து, பல வாரங்கள் தொடர்ந்து, ஆணும் பெண்ணும் ஆடும் முறை அது. பள்ளியோ, ஊர்க் கழகமோ, பெற்றோரோ முன்வந்து நடத்தலாம். கேரள அரசு 'ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு விளையாட்டுத் திடல்' என்ற திட்டத்தையும் அறிவித்திருக்கிறது. பெரிய திடல் வரும்வரையில் காத்திராமல், ஊருக்கு ஒரு சிறு திடல் என்று தொடங்குவது நம் கையில் இருக்கிறது. கோவிலூர், கொட்டாக்கம்பூர், பழத்தோட்டம் என்று சனிக்கிழமைதோறும் முறைவைத்து ஆடினால், அதுவே நம் பிள்ளைகளின் லீக்.

உலகக் கால்பந்தின் தலைமை அமைப்பான ஃபிஃபாவின் கணக்கும் இதனோடு பொருந்துகிறது. ஓர் ஆட்டக்காரரை வேறொரு நாட்டுக் கழகம் விலை கொடுத்து வாங்கும்போது, அத்தொகையில் 100-க்கு 5 பங்கை அவரை வளர்த்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்தக் கணக்கு ஆட்டக்காரரின் 12-ஆம் வயதில் தொடங்கி 23-ஆம் வயதில் முடிகிறது. 12 முதல் 15 வரையில் ஆண்டுக்குக் கால் சதவீதம். 16 முதல் 23 வரையில் ஆண்டுக்கு அரைச் சதவீதம். பன்னிரண்டுக்கு முற்பட்ட காலத்திற்கு அதில் ஒரு காசும் இல்லை. பணத்தில் கண்ணான உலகச் சந்தையே பன்னிரண்டு வயதுக்கு முன்னைய ஆட்டத்தைப் பயிற்சிக் கணக்கில் எழுதாதபோது, எட்டு வயதுப் பிள்ளையின் எதிர்காலம் இந்த மாதக் கட்டணத்தில்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், அதை நம்பிப் பூண்டு விற்ற பணத்தை எடுத்து நீட்ட வேண்டியதில்லை.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குப் பிறகு நிலைமை வேறு. உண்மையான ஆர்வமும் திறமையும் உள்ள பிள்ளைக்கு அப்போது நல்ல பயிற்சியாளரும் வலிய எதிரணிகளும் வேண்டும். மலையைவிட்டு இறங்க வேண்டிய காலம் அதுவாகலாம். அப்போது கழகத்தின் வாசலில் நின்று பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. எத்தனை கோப்பை வென்றீர்கள் என்பது அவற்றுள் ஒன்றன்று.

பயிற்சியாளர் கூட்டமைப்பின் உரிமம் பெற்றவரா, 'டி' உரிமமா அதற்கு மேற்பட்டதா என்று கேட்கலாம். கூட்டமைப்பு பயிற்சிக் கழகங்களைச் சோதித்து நட்சத்திரத் தரம் வழங்குகிறது. உங்கள் தரம் என்ன என்று கேட்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் ஆட்டத்தில் சராசரி எத்தனை நிமிடம் ஆடுகிறான்? ஆறு மாதத்திற்கொருமுறை எழுத்தில் முன்னேற்றக் குறிப்புத் தருவீர்களா? சீருடை, பயணம், வெளியூர்ப் போட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு? பிள்ளை விலக விரும்பினால் பதிவை எந்த நிபந்தனையில் விடுவிப்பீர்கள்? எந்தப் பள்ளியில், எந்த மொழிவழியில் படிப்பான்? விடுதியில் பிள்ளைகளைக் கவனிக்கும் பொறுப்பு யாருடையது? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம் 2012-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதன்படி முறையிட உங்கள் விடுதியில் யாரை அணுக வேண்டும்? இக்கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் விடை தரும் கழகம் நல்ல கழகம். பேச்சைக் கோப்பைகள் அடுக்கிய அலமாரியின் பக்கம் திருப்பும் கழகத்திலிருந்து வணக்கம் சொல்லித் திரும்பிவிடலாம்.

உடல்நலத்தையும் கேட்டறிய வேண்டும். வளரும் பிள்ளை ஓய்வின்றி ஒரே ஆட்டத்தை ஆடினால் குதிகாலிலும் முழங்காலுக்குக் கீழும் வலி தோன்றும். அதைச் சோம்பல் என்று ஏசுவது தவறு. எலும்பு வளரும் இடத்தில் தசைநார் இழுப்பதால் வருவது அது. வாரத்தில் ஒழுங்குமுறைப் பயிற்சிக்குச் செலவிடும் மணிகள் பிள்ளையின் வயதைத் தாண்டாதிருப்பது நல்லது என்று விளையாட்டு மருத்துவர்கள் ஓர் எளிய அளவு சொல்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு வாரம் பத்து மணிக்கு மேல் வேண்டாம். மற்ற நேரத்தில் மரமேறட்டும், ஓடட்டும், வேறு ஆட்டம் ஆடட்டும்.

பணம் கட்ட இயலாத பெற்றோருக்கு வழியே இல்லையா என்றால், உண்டு. திருவனந்தபுரத்தில் கேரள அரசின் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. அங்கே தேர்வு பெற்ற பிள்ளை தங்கிப் படித்துக்கொண்டே பயிற்சி பெறுகிறான். பள்ளிகளுக்கிடையே நடைபெறும் சுப்ரதோ கோப்பைப் போட்டி 1960-ஆம் ஆண்டிலிருந்து தில்லியில் நிகழ்ந்து வருகிறது. அதற்குப் போகும் பாதை பள்ளி அணியிலிருந்தே தொடங்குகிறது. திருச்சூர் விளையாட்டரங்கில் சோடா விற்ற ஒரு சிறுவன்தான் பின்னாளில் கேரளப் போலீஸ் அணியில் சேர்ந்து, இந்திய அணியின் தலைவராகி, 2025-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற ஐ.எம். விஜயன். கேரளப் போலீஸ் அணி 1990-இலும் 1991-இலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. அந்தத் தலைமுறைக்குக் கால்பந்து வேலையையும் தந்தது, மரியாதையையும் தந்தது. பெற்றோரிடம் கட்டணம் கேட்டு அந்த அணி உருவாகவில்லை என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த நினைவோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வோம். தொழில்முறை ஆட்டம் உறுதியான பிழைப்பென்று யாராலும் சொல்ல இயலாது. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக்கின் அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் ஆட்டக்காரர்களின் ஊதியத்தையே நிறுத்தின. நாட்டின் மிக உயர்ந்த படியில் நின்றவர்களுக்கே அந்நிலை நேர்ந்தது. ஆகவே, பிள்ளையின் பள்ளிப் படிப்பை ஆட்டத்திற்காக அடகு வைக்கும் எந்த ஏற்பாடும், அது எவ்வளவு பளபளப்பாகத் தோன்றினாலும், நம் வீட்டுக்கு ஏற்றதன்று.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மதுரையின் சேது எஃப்.சி. மகளிர் அணி 2018-19 பருவத்தில் இந்திய மகளிர் லீக்கை வென்றது. அதன்பின் கோகுலம் கேரளா அணி அப்பட்டத்தை அடுத்தடுத்து மூன்று பருவங்களில் கைப்பற்றியது. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நம் பெண்கள் ஆடிக் காட்டிவிட்டார்கள். இருந்தும், தூரத்துக் கழகத்துக்கு மகளை அனுப்பத் தயங்குகிற தாய் மகனை மட்டும் அனுப்புகிறாள். ஊரிலேயே திடல் இருந்தால் அந்தத் தயக்கத்திற்கு இடமில்லை. அண்ணன் ஆடும் 25 சென்ட்டில் தங்கையும் ஆடலாம்.

திடலோரம் நின்று கூச்சலிடும் பெற்றோரைப் பற்றிப் பயிற்சியாளர்கள் குறைப்படுகிறார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஒருபுறம் பயிற்சியாளர் "தள்ளிக்கொடு" என்கிறார். மறுபுறம் தந்தையார் "உதை" என்கிறார். நடுவில் நிற்கும் பிள்ளை எதைச் செய்வான்? அவ்வளவு பணமும் பயணமும் செலவழிந்த பிறகு ஒவ்வோர் உதையும் பெற்றோருக்குக் கணக்காகத் தோன்றுகிறது. செலவு குறைந்தால் கூச்சலும் குறையும். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் "ஜெயித்தாயா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இன்றைக்கு எவ்வளவு நேரம் ஆடினாய், புதிதாக என்ன செய்து பார்த்தாய்?" என்று கேட்டால், அவன் நாளையும் ஆடப் போவான்.

நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் புகழ்பெற்ற ஆட்டக்காரர்களாவார்கள் என்பதை நாம் அறியோம். பெரும்பாலோர் ஆக மாட்டார்கள். ஆசிரியராகவும் செவிலியராகவும் ஓட்டுநராகவும் உழவராகவும் வாழ்வார்கள். அவர்களுக்கும் ஓடியாடிய பிள்ளைப்பருவம் வேண்டும். அவர்களுள் ஒருவன் அல்லது ஒருத்தி உண்மையிலேயே பெரிய ஆட்டத்திற்குப் பிறந்தவர் என்றால், சிறு திடலில் பந்தை ஆயிரமாயிரம் முறை தொட்ட கால்களோடு, படிப்பும் கைவிடாமல், பதின்மூன்று வயதில் மலையிறங்கட்டும். இந்த ஆண்டு பள்ளி திறக்கும்போது நடைபெறும் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: முற்றத்தில் 25 சென்ட் இடம், நான்கு கம்பம், இரண்டு பந்து, சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். இவற்றைப் பெறுவதற்குக் காடு கடக்க வேண்டியதில்லை. கூட்டத்திற்குப் போய் எழுந்து நின்று கேட்டால் போதும்.